இரண்டாங்கட்டுக்கு ஒரு வயர்

பெரியம்மா வீட்டு டிவி 2012-இல் துபாயிலிருந்து வந்தது. அப்போதெல்லாம் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் தட்டை டிவி ஒன்றைக் கம்பளியில் சுற்றி எடுத்து வருவது வழக்கம். 2013 ஆகஸ்ட் கடைசியில் அரசு அதற்கிருந்த தீர்வைச் சலுகையை நிறுத்தியதும் அந்தப் பழக்கம் குறைந்துபோனது. தம்பி, அதாவது பெரியம்மா மகன், திருவனந்தபுரத்தில் இறங்கி, வாடகைக் காரின் பின்சீட்டில் நாற்பது அங்குலத்தைச் சாயவிடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே நாகர்கோவில், திருநெல்வேலி, கோவில்பட்டி என்று எட்டயபுரம் வந்து சேர்ந்தான். அட்டைப்பெட்டியில் ‘ஸ்மார்ட் டிவி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஓரத்தில் சின்னதாக ‘வைஃபை ரெடி’. வைஃபை உள்ளே கிடையாது, தனியாக வாங்கிச் சொருகினால் வேலை செய்யும் என்று அர்த்தம். வீட்டில் நெட்டே இல்லாத காலத்தில் அதை யார் கேட்டார்கள்? வருஷக்கணக்காக அது வெறும் கேபிள் டிவியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

2021-இல் பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்காக ஃபைபர் இணைப்பு வாங்கினார்கள். மின்கம்பம் வழியாக வந்த ஒல்லியான கறுப்பு வயர் தார்சா சன்னலுக்குள் நுழைந்து, வாசல் நிலைக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டியில் முடிந்தது. அன்று ராத்திரியே துபாயிலிருந்து போன்.

“அண்ணே, நெட்டு வந்தாச்சு. அம்மாவுக்கு டிவில யூடியூப் வரணும். நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாத்திருங்க.”

கடைவீதியில் எனக்கு ஒரு எலெக்ட்ரிக்கல் கடை. சொந்தக்காரர் வீட்டில் சுவிட்ச் போனாலும் மோட்டார் போனாலும் எனக்குத்தான் போன் வரும். இதுவும் அப்படி வந்ததுதான். ஆனால் அந்த வீட்டுக்குப் படம் கொண்டுவருகிற வேலை எனக்குப் புதிதில்லை.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிவிட்டது என்றாலும் அதன் அலை இங்கே எட்டாது. எங்களுக்கு முதலில் வந்தது இலங்கைதான். 1982 பிப்ரவரியில் ரூபவாகினி ஆரம்பமானது. அந்த நாட்டின் மிக உயரமான மலையான பீதுருதாலகாலையில் அதன் கோபுரம். நமக்கும் அதற்கும் நடுவில் கரிசல் பொட்டலும் மன்னார் வளைகுடாவும்தான். கடல்மேல் வெக்கை படிந்த சாயங்காலங்களில் அலை வளைந்து வந்து, கொழும்புக்காரன் பார்ப்பதைவிடத் தெளிவாக இங்கே விழும் என்று கடை அண்ணாச்சி சொல்லுவார். மேகம் போட்டால் புள்ளி மழை. நான் அப்போது அவரிடம் எடுபிடி. இரும்புக் குழாயை ஒன்றுக்குள் ஒன்று செருகி நாற்பது அடி உயரத்துக்கு நிறுத்துவோம். உச்சியில் அலுமினிய ஏரியல், அதன் கழுத்தில் பூஸ்டர், நாலு திசைக்கும் இழுத்துக் கட்டின கம்பி. எல்லாம் முடித்துக் கீழே இறங்கினால் எங்கிருந்தோ ஒரு மயில் வந்து அதன்மேல் உட்காரும். படம் திரும்பிக்கொள்ளும். மறுபடி மொட்டை மாடி. பாஷை தெரியாத சிங்கள விளம்பரத்தை வாய் பிளந்து பார்த்த தலைமுறை நாங்கள். பெரியம்மா வீட்டு ஏரியல் அப்படி நிறுத்தினதுதான். பட்டை வயரை இரண்டாங்கட்டுக்குள் இறக்க, மச்சுக்குக் கீழே சுவரில் துவாரம் போட்டவனும் நான்தான். அண்ணாச்சி கீழே நின்று வைதுகொண்டிருந்தார்.

பிறகு கொடைக்கானல் கோபுரம் வந்தது, கேபிள் வந்தது, 1993 சித்திரை பிறப்பன்று சன் டிவி வந்தது, 2006-க்குப் பிறகு அரசாங்கத்தின் இலவசக் கலர் டிவி வீடு வீடாக வந்தது. எங்கள் ஊரில் யார் எதைத் திறந்துவைத்தாலும், டெலிபோன் பூத்தோ கேபிள் ஆபீசோ, நோட்டீஸின் தலையில் பாரதியின் காசி–காஞ்சி வரி இருக்கும். பிறந்த வீடு இங்கே, மணிமண்டபம் இங்கே. வேறு வரி போட முடியுமா? இந்த ஃபைபர்காரர்களின் நோட்டீஸிலும் இருந்தது.

பெரியம்மாவிடம் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சீரியல், சினிமா என்று சொல்லுவாக என்று நினைத்தேன்.

“காருகுறிச்சி நாயனம் வருமாலே இதுல?”

காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் குடியிருந்தவர். 1964-இல் காலமானார். அவருக்கு அங்கே சிலை இருக்கிறது. ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகி குரலோடு போட்டி போட்டது அவர் நாயனம்தான் என்று உலகத்துக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு அவர் சினிமாவில் வருகிறவர் இல்லை. பாவாடை தாவணி வயதில் கோவில்பட்டியில் ஒரு கல்யாண ஊர்வலத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், விடிய விடிய வாசித்தவர். பேத்தி போனில் போட்டுக் காட்டினாளாம். “கொசு கத்துன மாதிரி இருக்கு” என்று தள்ளிவிட்டாக. டிவியின் பெரிய சத்தத்தில் வேண்டும்.

வைஃபைக்கு டிவி கம்பெனியின் சொந்த டாங்கிள்தான் வேண்டும். கடையில் விற்கிற மற்றதைச் சொருகினால் டிவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த மாடலுக்கான டாங்கிள் இங்கே எங்கும் கிடைக்கவில்லை. தம்பி தன் சிநேகிதன் மூலம் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தான். சொருகினேன், பெயர் தெரிந்தது, பாஸ்வேர்டு போட்டேன், சேர்ந்தது. நல்லது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போன்: “உன் நெட்டக் காணோம்.” போய்ப் பார்த்தால் பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயர் இருக்கிறது, எதிர்வீட்டுப் பெயர் இருக்கிறது, இந்த வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. பேத்தியின் போனில் அதே வைஃபை அருமையாக ஓடுகிறது. இரண்டு நாள் கழித்துத் தானாக வந்தது. மறுபடி போனது.

காரணம் பிடிபட நாளாயிற்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு நம் நாட்டில் 13 சேனல் உண்டு. அமெரிக்காவில் 11-தான். அங்கே விற்கிற டாங்கிளுக்கு 12, 13 என்று இரண்டு இருப்பதே தெரியாது. மோடமோ, ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் எந்தச் சேனல் காலியாக இருக்கிறது என்று பார்த்து அதில் உட்காரும். எங்கள் ஊரில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. போய் வந்த பிறகு மோடம் 6-இல் உட்கார்ந்தால் டிவிக்குத் தெரியும். 13-இல் உட்கார்ந்தால் அந்த வீட்டில் நெட்டே இல்லை. மோடமுக்குள் போய்ச் சேனலை 6 என்று நிரந்தரமாக வைத்தேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். தெருவில் மற்றவர்கள் எதில் இருக்கிறார்கள் என்று போனில் பார்த்துவிட்டு இந்த மூன்றில் காலியாக இருப்பதை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் நெட் போட வருகிற பையன்கள் யாரும் இதைச் செய்வதில்லை. அவர்களுக்கு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது.

இப்போது பெயர் மறையவில்லை. ஆனாலும் கரண்ட் போய் வந்த பிறகு சில நேரம் ‘இணைப்பு இல்லை’ என்றே காட்டியது. அலைக்கோடு முழுசாக இருக்கிறது, இணைப்பு மட்டும் இல்லையாம். மெனுவுக்குள் தேடியபோது தேதி கண்ணில் பட்டது: 2012 ஜனவரி 1. கரண்ட் போனால் அந்த டிவிக்குக் காலம் மறந்துவிடும். நெட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். டிவி சட்டென்று எழுந்துவிடுகிறது, ஃபைபர் பெட்டி முழித்துக்கொள்ள இரண்டு மூன்று நிமிஷம் ஆகிறது. கேட்ட நேரத்தில் பதில் வராததால் டிவி தான் பிறந்த வருஷத்திலேயே தங்கிவிடும். இன்றைய இணையதளங்கள் எல்லாம் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் கதவைத் திறக்கின்றன. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று இருக்கும். 2012-இல் உட்கார்ந்திருக்கிற டிவிக்கு 2021-இல் கொடுத்த சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகாத ஒன்று. மோடமுக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தேன். கரண்ட் போனாலும் பெட்டி அணையாது, டிவி எழுந்து மணி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

இவ்வளவும் செய்து, யூடியூப் பொத்தானை அழுத்தினால் திறக்கவில்லை. திறக்கவும் திறக்காது. 2012-இலும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளில் இருந்த பழைய யூடியூப் செயலியை 2015 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். நெட் இந்த வீட்டுக்கு வருவதற்கு ஆறு வருஷம் முன்பே அந்தக் கதவு அடைபட்டாயிற்று.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இது. அண்ணாச்சி கடையில் இருந்தபோது டிவி சாவதென்றால் பிக்சர் டியூப் சாவது. அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அதுவும் நம் கண்ணெதிரே மங்கி மங்கித்தான் போகும். இந்த டிவியின் திரையில் ஒரு புள்ளிகூடப் பழுதில்லை. எங்கோ ஒரு ஊரில் யாரோ குறித்த தேதியில் அதன் புத்தி மட்டும் நின்றுவிட்டது. அதே 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி, எண்ணற்ற தளங்களுக்கு ஆதாரமாயிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாகி, பழைய போன், டிவி பலவற்றுக்குப் பல கதவுகள் ஒரே நாளில் சாத்திக்கொண்டன. 2025 மார்ச்சில் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் முடங்கியதும் பத்து வருஷத்துக்கென்று போட்ட ஒரு சான்றிதழ் முடிந்ததால்தான். சில நாளில் சரிசெய்து அனுப்பினார்கள். அவ்வளவு பழைய சாமானுக்கு அப்படிச் செய்தது ஆச்சரியம்தான்.

ஆகவே டிவியை வெறும் திரையாக வைத்துக்கொண்டு புத்தியை வெளியிலிருந்து கொடுப்பதென்று முடிவானது. எச்டிஎம்ஐ ஓட்டையில் சொருகுகிற குச்சி. பேத்தி ஆன்லைனில் வரவழைத்தாள். அதற்குக் கரண்ட் டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்கக் கூடாது. பழைய டிவியில் அரை ஆம்பியர்தான் வரும், குச்சி ஒரு ஆம்பியர் கேட்கும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கும். கூடவே வந்த சார்ஜரைத் தனி பிளக்கில் மாட்டினேன். காருகுறிச்சி வந்தார். பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாக. தோடி ராகம் மெல்ல ஏறி, மேலே போய் ஒரு இடத்தில் நின்று பிரிகிற நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“ஏன்லே நிப்பாட்டிட்டாரு?”

நெட் ஆபீசுக்குப் போன் செய்தோம். மோடம் பக்கத்தில் நின்று போனில் ஸ்பீடு பார்க்கச் சொன்னார்கள். 40 காட்டியது. “எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு சார்.” அவர்கள் சொன்னது உண்மைதான். ஒரு எச்டி படம் தடங்கலில்லாமல் ஓட வினாடிக்கு 5 மெகாபிட் போதும். தார்சாவில் 40 இருக்கிறது. டிவி இருக்கிற இரண்டாங்கட்டுக்கு வரும்போது அதில் என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி.

அந்த வீட்டுச் சுவர் இரண்டடி கனம். கல்லும் சுண்ணாம்புக் காரையும். தார்சாவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவில் அப்படி இரண்டு சுவர், ஒரு சுவரில் சாத்தி வைத்த இரும்பு பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. வைஃபை அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து வரும். இரும்பையும், முதுகில் ரசம் பூசிய கண்ணாடியையும் கண்டால் திரும்பிப் போய்விடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது என்பார்கள். அது முதல் சுவரையே தாண்டவில்லை. ஆனால் டிவியில் பார்த்தால் அலைக்கோடு நாலில் மூன்று நிற்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கோயில் குழாய் ஒலிபெருக்கி நம் திண்ணையில் கணீரென்று கேட்கிறது. நாம் திண்ணையிலிருந்து கூப்பிட்டால் கோயிலுக்குக் கேட்குமா? குச்சி சொல்கிற பதில் மோடமுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த துண்டுப் படம் வரும். டிவியின் தகட்டு முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அது பேசுகிற குரல் பீரோவைத் தாண்டவில்லை. எச்டிஎம்ஐ நீட்சி வயர் போட்டுக் குச்சியை வெளியே தொங்கவிட்டேன். கொஞ்சம் தேவலை. சாயங்காலம் தெருவே நெட்டில் இருக்கிற நேரத்தில் பழையபடி வட்டம்.

வயர்தான் வழி என்று எனக்கு முதலிலேயே தெரியும். பெரியம்மா சம்மதிக்கவில்லை. “தொளைச்சா காரை பொலபொலன்னு உதுந்துரும். உங்க பெரியப்பா பூசுன சுவரு.” தரையோடு வயர் இழுக்கவும் முடியாது, நிலைப்படியில் தடுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? அப்போதுதான் பழைய துவாரத்தின் ஞாபகம் வந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஏரியல் வயரை உருவிவிட்டு யாரோ கந்தல் துணியைத் திணித்து மேலே வெள்ளையடித்திருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினதும் துணி வந்தது, கூடவே ஒரு குளவிக் கூடு. வெளிச்சம் தெரிந்தது.

தார்சா சன்னலிலிருந்து மொட்டை மாடிக்கு ஏற்றி, கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பிவிசி குழாய்க்குள் ஓட்டி, துவாரம் வழியாக இரண்டாங்கட்டில் இறக்கினேன். குழாய் வெயிலுக்கு மட்டுமில்லை, அணிலுக்கும்தான். ஒரே துண்டாக நூறு மீட்டர் வரை லேன் வயர் தாராளமாகப் போகும். இங்கே முப்பதுகூட ஆகவில்லை. முனையில் ஜாக் அடிக்க உட்கார்ந்தேன். மேல்தோலை உரித்தால் உள்ளே நாலு ஜோடி, எட்டு இழை, முறுக்கிக்கொண்டு இருக்கும். பிரித்து நீவி, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று வரிசையாக வைத்து, ஒரே மட்டமாக வெட்டி ஜாக்குக்குள் தள்ள வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் எனக்கு இப்போது பச்சை வெள்ளையும் நீல வெள்ளையும் ஒன்றுதான். தள்ளுகிற நேரத்தில் ஒரு இழை இன்னொன்றின்மேல் ஏறிக்கொள்ளும்.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த பெரியம்மா, “கொண்டா இப்படி” என்று வாங்கினாக. கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் தறி இருந்தது. புதுப் பாவு வந்தால் பழைய பாவின் நுனியோடு இழைக்கு இழை பிணைக்கிற வேலை இவர்களுக்குத்தான். கட்டைவிரலால் ஒரு தடவை நீவினாக. எட்டும் சீப்பு மாதிரி படிந்தன. நான் நிறத்தைச் சொல்லச் சொல்ல விரல் நுனியாலேயே வரிசை மாற்றினாக. கண்ணைக் கொண்டு பார்த்த மாதிரி தெரியவில்லை. ஜாக்குக்குள் தள்ளி, “போயிருச்சா பாரு, கடைசி மட்டும் போயிருக்கணும்” என்று என்னிடம் நீட்டினாக. கிரிம்பிங் டூலில் வைத்து அழுத்தினது மட்டும் நான். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. இதில் நாலு இழைதான் வேலை செய்யப்போகிறது, நூறு மெகாபிட்டுக்கு அது போதும் என்று நான் சொல்லவில்லை.

குச்சிக்கென்று லேன் ஓட்டை உள்ள சின்ன அடாப்டர் தனியாக விற்கிறது. அதை மாட்டினோம். அன்றிலிருந்து வட்டம் சுற்றவில்லை. ஐப்பசியில் இடி இடிக்க ஆரம்பித்தால் அடாப்டரிலிருந்து ஜாக்கை உருவிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்னல் வராது. மாடிமேல் ஓடுகிற செம்பில் வரும்.

ரிமோட்டில் மைக் பொத்தானை அழுத்திப் பேசினாலே தேடும் என்று பேத்தி கற்றுக்கொடுத்தாள். பெரியம்மா “காருகுறிச்சி” என்றால் அது கள்ளக்குறிச்சிச் செய்திகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. “நாயனம்” என்று சேர்த்துச் சொன்னால் வருகிறது. நடுவில் விளம்பரம் வந்தால் மட்டும் இன்னும் என்னைத்தான் ஏசுகிறாக.

போன மாசம் திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. தம்பி புதுசு வாங்கச் சொல்லி அடம் பிடிக்கிறான். ஐம்பத்தைந்து அங்குலமாம், எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம்.

“புதுசு வாங்குனா இந்தக் குச்சி வேண்டாமாலே?”

“இப்ப வேண்டாம் பெரியம்மா. ஏழெட்டு வருஷம் போனா வேணும்.”

“அப்போ அவன்ட்ட சொல்லிரு, அந்தக் கோடு எனக்கு இடைஞ்சலா இல்லன்னு.”